கோச்சா, ஆட்டக்காரரா? ஜகார்த்தா சொல்லும் தீர்ப்பு

கால்பந்துப் பிரியர்களான நம் நண்பர்களிடையே ஓயாத வழக்கு ஒன்று உண்டு. "கோல் போடுறது ஆட்டக்காரன். ஓரமா உட்கார்ந்திருக்கிற கோச் என்ன கிழிக்கிறார்?" என்பது ஒரு கட்சி. "கோச் இல்லேன்னா பதினோரு பேரும் பதினோரு திசைதான்" என்பது எதிர்க்கட்சி. சரித்திரப் பிரியன் என்ற முறையில், இந்த வழக்கில் நான் சாட்சிக்கு அழைப்பவர் ஹைதராபாத் சையத் அப்துல் ரஹீம்.

பள்ளி ஆசிரியராக இருந்தவர் ரஹீம். அவர் பயிற்சியில் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை ஐந்து முறை தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையை வென்றது. இந்திய அணி 1951 டெல்லி ஆசியப் போட்டியில் தங்கமும், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடமும் பெற்றது.

அடுத்து 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டி. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியா நம்மை 2-0 என்று வீழ்த்தியது. தாய்லாந்துடன் ஆடியபோது தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடி. தையல் போட வேண்டியதாயிற்று. ரஹீம் என்ன செய்தார் தெரியுமா? அரையிறுதியில் அவரை முன்வரிசைக்கு அனுப்பினார்! தென் வியட்நாமுக்கு எதிராக ஜர்னைல் ஒரு கோல் அடித்தார். இறுதியாட்டத்தில் மறுபடியும் அதே தென் கொரியா. பி.கே. பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் ஒரு கோல். 2-1, தங்கம் நமக்கு!

எதிரி அதே எதிரி. ஆட்களும் ஏறக்குறைய அதே ஆட்கள். யார் எங்கே நிற்பது என்பதுதான் மாறியது.

ஆனால் மறுபக்கத்தையும் பார்க்கணும். பி.கே., சுனி கோஸ்வாமி, பலராம் மூவரும் ஒரே காலத்தில் கிடைத்தது ரஹீமின் அதிர்ஷ்டம். மெல்போர்ன் அரையிறுதியில் யூகோஸ்லாவியா நம்மை 4-1 என்று வென்றபோது அவரும் அங்கேதான் இருந்தார். 1963இல் அவர் காலமான பிறகும், 1964 ஆசியக் கோப்பையில் நமக்கு இரண்டாமிடம் கிடைத்தது. ஆட்டக்காரர்களின் தரம் ஒரே நாளில் கரைந்துவிடவில்லை. ஆனால் 1966 பாங்காக் ஆசியப் போட்டியில் முதல் சுற்றோடு திரும்பினோம். ஆசியப் போட்டிக் கால்பந்தில் தங்கம் அதன்பின் வரவே இல்லை.

என் தீர்ப்பு இதுதான்: சரக்கு ஆட்டக்காரருடையது, சமையல் கோச்சுடையது. சரக்கில்லாமல் சமையல் இல்லை. நல்ல சரக்கும் கைப்பக்குவம் தெரியாதவரிடம் வீணாகும். இன்றைய மாணவத் தம்பி தங்கைகளே, அடுத்த முறை இந்தச் சண்டை வந்தால், ஜகார்த்தாவில் கொரியாவோடு ஆடிய இரண்டு ஆட்டங்களின் ஸ்கோரையும் முதலில் எடுத்துப் போடுங்கள்!