ஒரே நாடு, ஒரே சந்தா

ஆய்விதழ்களுக்கு இந்திய அரசு மொத்தமாகச் சந்தா கட்டும் திட்டம். 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை இதற்கு ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரை மூன்றாண்டுகளுக்கு ஒதுக்கீடு 6,000 கோடி ரூபாய். எல்செவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி உள்ளிட்ட 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 மின்னிதழ்கள், மத்திய, மாநில அரசு உயர்கல்வி நிறுவனங்களும் மத்திய அரசு ஆய்வு நிறுவனங்களுமாக 6,300-க்கும் மேற்பட்டவற்றுக்குக் கிடைக்கும். காந்திநகரிலுள்ள இன்ஃப்லிப்நெட் மையம் ஒருங்கிணைக்கிறது.

முன்பு பெரிய நிறுவனங்கள் தனித்தனியாகவோ நூலகக் கூட்டமைப்புகள் வழியாகவோ சந்தா கட்டின. சிறு அரசுக் கல்லூரி மாணவரோ கட்டுரையின் சுருக்கத்தைப் படித்துவிட்டு அங்கேயே நிற்க வேண்டியிருந்தது; ஒரே ஒரு கட்டுரையைத் திறக்க 30 டாலருக்கு மேல் கேட்கும் இதழ்கள் உண்டு. அந்த அநீதிக்கு இத்திட்டம் நல்ல மருந்து. ஆனால், ஆய்வுக் கட்டுரை எழுதுபவருக்குப் பதிப்பகம் பொதுவாகப் பணம் தருவதில்லை. ஆக, மக்கள் வரிப்பணத்தில் நடந்த ஆய்வை வரிப்பணத்திலேயே மீண்டும் வாங்குகிறோம். மேலும், தனியார் கல்லூரிகள் திட்டத்தின் முதற்கட்டத்தில் சேர்க்கப்படவில்லை.