டிரைவர் இருந்தால் போதுமா? பிஎஸ்டி இயங்குதளங்களில் வன்பொருள் ஆதரவும் பழுதறிதலும்

ஓர் இயங்குதளம் எந்தெந்த வன்பொருளை ஆதரிக்கிறது என்று கேட்டால் வழக்கமாகக் கையில் கிடைப்பது ஒரு பட்டியல். இந்த நெட்வொர்க் கார்டு ஓடும், அந்த கிராபிக்ஸ் சிப் ஓடாது என்ற வகையில் அது நீளும். எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்வரை அந்தப் பட்டியலில் குறை தெரியாது. ஓடியது ஒருநாள் நின்றுபோனால், ஏன் நின்றது என்று தேடிப்பார்க்க யாருக்கு வழி இருக்கிறது? பட்டியலில் இதற்குப் பதில் இல்லை. வன்பொருள் ஆதரவை இந்தக் கேள்வியை வைத்தே அளக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். பெர்க்லி யூனிக்ஸ் வழிவந்த இரு திறமூல இயங்குதளங்களான ஃப்ரீபிஎஸ்டியும் ஓப்பன்பிஎஸ்டியும் இதற்கு நல்ல சான்றுகள். ஒரே சிக்கலுக்கு இரண்டும் வெவ்வேறு வழிகளில் விடை தேடியிருக்கின்றன.

2000களின் நடுவில் என்விடியாவின் என்ஃபோர்ஸ் சிப்செட் கொண்ட மதர்போர்டுகள் சந்தையில் நிறைய இருந்தன. ஈதர்நெட் வசதி அந்தச் சிப்செட்டிலேயே அடக்கம். ஆனால் அதை இயக்க எந்த ரெஜிஸ்டரில் என்ன எழுத வேண்டும் என்று சொல்லும் தொழில்நுட்ப ஆவணத்தை என்விடியா வெளியிடவில்லை. அது தந்தது, மூலநிரல் இல்லாமல் முன்பே கம்பைல் செய்த ஒரு மூடிய கோப்பு. இத்தகையவற்றைத்தான் இந்தச் சமூகத்தில் ‘பிளாப்’ என்கிறார்கள். ஃப்ரீபிஎஸ்டி 6.0 காலத்தில் வந்த ‘என்விஇ’ டிரைவர் அந்தக் கோப்பைச் சுற்றி எழுதப்பட்ட உறை. பட்டியலைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது: என்ஃபோர்ஸ் ஈதர்நெட், ஆதரவு உண்டு.

திரையில் ‘டிவைஸ் டைம்அவுட்’ என்ற வரி வந்தபோதுதான் கதை மாறியது. அனுப்பச் சொன்ன பாக்கெட் போய்ச் சேர்ந்ததாகக் கார்டிடமிருந்து குறித்த நேரத்துக்குள் தகவல் வரவில்லை என்பது அந்த வரியின் பொருள். பாக்கெட் போகவே இல்லையா, போயும் இன்டரப்ட் தொலைந்ததா, நினைவகத்தில் பாக்கெட்டுகளை வரிசைப்படுத்தி வைக்கும் வளையத்தில் கணக்குப் பிசகியதா? மூன்றுக்கும் திருத்தம் வேறுவேறு. எது நடந்தது என்று பார்க்க டிரைவர் எழுதியவரே மூலநிரலைத் திறந்தாலும், மூடிய கோப்பை அழைக்கும் வரிவரைதான் போக முடியும். அதற்கு அப்பால் சுவர். பயனருக்குச் சொல்ல எஞ்சியது, கேபிளை மாற்றிப் பாருங்கள், இல்லையென்றால் வேறு கார்டு வாங்கிப் போடுங்கள் என்ற அளவுதான்.

அதே சிப்புக்கு ஓப்பன்பிஎஸ்டியில் ஜொனாதன் கிரேயும் டேமியன் பெர்காமினியும் ‘என்எஃப்இ’ என்ற டிரைவரை எழுதினார்கள். 2006 மே மாதம் வெளியான 3.9 பதிப்பில் அது வந்தது. ஆவணம் அவர்களுக்கும் கிடைக்கவில்லை. லினக்ஸ் தரப்பில் அந்தச் சிப்பின் நடத்தையைக் கவனித்துக் கவனித்தே ஏற்கெனவே ஒரு டிரைவர் எழுதப்பட்டிருந்தது. என்எஃப்இயும் அந்த வகையில் திரட்டிய அறிவின் மேல்தான் நின்றது. தயாரிப்பாளருக்குத் தெரிந்ததில் ஒரு பங்குதான் இவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் தெரிந்தது முழுக்க எல்லோரும் படிக்கக்கூடிய ஒரே மூலநிரலில் இருந்தது. தப்பு இருந்தால் அதைக் கண்ணால் காணலாம், திருத்தலாம். ஃப்ரீபிஎஸ்டியே 7.0 பதிப்பில் என்எஃப்இயை எடுத்துக்கொண்டது. என்விஇ பின்னாளில் நீக்கப்பட்டது. தயாரிப்பாளரின் முழு அறிவை உள்ளடக்கிய மூடிய கோப்பு, அரைகுறை அறிவில் எழுதிய திறந்த நிரலிடம் தோற்றதை நான் தற்செயலாகக் கருதவில்லை. பிழை வந்த பின்பு ஒரு டிரைவர் எப்படி வளர்கிறது என்பதில்தான் அதன் ஆயுள் இருக்கிறது.

ரெய்டு கார்டுகளில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். பல வட்டுகளை ஒன்றாகக் கட்டி, ஒன்று போனாலும் தரவு போகாமல் காப்பது ரெய்டின் வேலை. அடாப்டெக் நிறுவனத்தின் ரெய்டு கார்டுகளுக்கு ஓப்பன்பிஎஸ்டியில் டிரைவர் இருந்தது. படிக்கலாம், எழுதலாம். ஆனால் ஒரு வட்டு செத்துவிட்டதா, மாற்று வட்டில் தரவு மறுபடி கட்டப்படுகிறதா என்று கார்டிடம் கேட்பதற்கான ஆவணம் பல முறை கேட்டும் வரவில்லை. 2005இல் தியோ டி ராட் தலைமையிலான ஓப்பன்பிஎஸ்டி குழு, அந்த டிரைவரை வழக்கமான கெர்னலிலிருந்து எடுத்துவிட்டது. ஓடிக்கொண்டிருந்ததை ஏன் எடுக்க வேண்டும் என்று பலர் கோபப்பட்டார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது, இருந்தாலும் முடிவு சரியானதே. வட்டு செத்ததைச் சொல்லத் தெரியாத ரெய்டு, இரண்டாவது வட்டும் சாகும்வரை நிர்வாகியை நிம்மதியாகத் தூங்க வைக்கும். ரெய்டே இல்லாத இயந்திரத்தில் ஒழுங்காக பேக்கப் எடுப்பவர் அவரைவிடப் பாதுகாப்பாக இருக்கிறார்.

அதே ஆண்டின் இறுதியில் 3.8 பதிப்பில் ‘பயோசிடிஎல்’ என்ற கருவி வந்தது. வெவ்வேறு நிறுவனங்களின் ரெய்டு கார்டுகளுக்கும் ஒரே கட்டளை. அடித்தால் தொகுதியின் நிலை ஒரு வரியிலும், அதிலுள்ள ஒவ்வொரு வட்டின் நிலை கீழே தனித்தனி வரியிலும் வரும். ‘டிகிரேடட்’ என்று தொகுதியும், அதன் கீழே எந்த வட்டு ‘ஆஃப்லைன்’ என்றும் தெரியும். அலறும் அலாரத்தை அதே கட்டளையால் நிறுத்தலாம். ஆதரவு என்ற சொல்லுக்கு இதைவிடக் குறைந்த பொருளை நான் ஏற்க மாட்டேன்.

இந்தச் சமூகங்களில் பழுது பார்க்கும் முறையும் இதே எண்ணத்தில் உருவானதுதான். உதவி கேட்டு வருபவரிடம் முதலில் கேட்கப்படுவது ‘டிமெசேஜ்’, அதாவது இயந்திரம் பூட் ஆகும்போது கெர்னல் எழுதும் குறிப்பு. அதிலும் துண்டாக வெட்டி அனுப்பக் கூடாது, முழுசாக வேண்டும். புதியவர்களுக்கு இது கெடுபிடியாகத் தோன்றும். ஆனால் வைஃபை வேலை செய்யவில்லை என்பவர் வைஃபை வரியை மட்டும் அனுப்பினால், பயாஸின் தேதி, இன்டரப்ட் யாரோடு பகிரப்படுகிறது, கார்டு எந்த பஸ்ஸில் இருக்கிறது என்பதெல்லாம் போய்விடும். எது காரணம் என்று தெரிந்தவரால்தான் எதை வெட்டலாம் என்று சொல்ல முடியும். டிரைவர் இல்லாத சாதனத்தையும் ஓப்பன்பிஎஸ்டி மறைப்பதில்லை. தயாரிப்பாளர் பெயர், சாதனத்தின் எண், அது இருக்கும் இடம் எல்லாம் எழுதி, கடைசியில் ‘நாட் கன்ஃபிகர்ட்’ என்று முடிக்கும். அந்த எண்ணை வைத்து, ஏற்கெனவே இருக்கும் டிரைவரில் ஒரு வரி சேர்த்தால் போதும் என்று கண்டுபிடித்த சந்தர்ப்பங்கள் ஏராளம். பூட் நடுவிலேயே இயந்திரம் உறைந்தால், பூட் கட்டளையோடு ‘-சி’ சேர்த்து உள்ளே போய், சந்தேகப்படும் டிரைவரை அணைத்துவிட்டு மேலே நகரலாம். எந்த டிரைவரை அணைத்தால் இயந்திரம் எழுகிறதோ, பழுது அந்தப் பக்கத்தில் இருக்கிறது.

நிரல் முழுக்கத் திறந்திருந்தும் தடுமாற வைக்கும் இடம் ஏசிபிஐ. பேட்டரி, விசிறி, தூக்க நிலை ஆகியவற்றைப் பற்றி மதர்போர்டின் ஃபர்ம்வேர் இயங்குதளத்துக்குத் தரும் நிரல் அது. அந்த நிரல் பல கணினிகளில் ‘நீ விண்டோஸின் எந்தப் பதிப்பு?’ என்று கேட்கும். பதிலைப் பொறுத்து அதன் நடத்தை மாறும். தயாரிப்பாளர் சோதித்த வழி விண்டோஸ் வழி மட்டுமே என்பதால், ஓப்பன்பிஎஸ்டியும் லினக்ஸும் ‘ஆம், விண்டோஸ்’ என்றே பதில் சொல்கின்றன. லேப்டாப் மூடித் திறந்தால் எழவில்லை என்ற புகார்களில் பலவற்றின் வேர் இந்தப் பகுதியில்தான்.

எதிர்வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது. கையில் ஒரே ஒரு லேப்டாப் வைத்திருக்கும் மாணவருக்கு, கொள்கைக்காக வைஃபை இல்லை என்று சொல்வது நியாயமா? என்விடியாவின் புதிய கிராபிக்ஸ் கார்டு வைத்திருப்பவருக்கு ஓப்பன்பிஎஸ்டியில் இன்றும் முழு வேகம் கிடைக்காது. ஃப்ரீபிஎஸ்டியில் என்விடியா தரும் மூடிய டிரைவர் ஓடுகிறது, அதனால் பயன்பெறுவோர் பலர். ஓப்பன்பிஎஸ்டியும் ஓரிடத்தில் கோடு போட்டுச் சமரசம் செய்திருக்கிறது. கெர்னலுக்குள் ஓடும் மூடிய நிரலுக்கு இடமில்லை. சாதனத்தின் சொந்தச் செயலியில் ஓடும் ஃபர்ம்வேரை, மறுவிநியோகம் செய்ய உரிமம் இருந்தால் ஏற்கிறது. வைஃபை ஃபர்ம்வேர் தவறினால் கார்டு விழும், ஆனால் எந்த எல்லையில் தவறு நடந்தது என்று கெர்னல் பக்கத்திலிருந்து சொல்ல முடியும். பழுதறியும் வழி அடைபடாத இடத்தில் அந்தக் கோடு விழுந்திருப்பதாலேயே அதை நான் ஏற்கிறேன்.

என் வாதத்துக்கு உண்மையான சோதனை ஏஎம்டி கிராபிக்ஸ். அந்த டிரைவர் முழுக்கத் திறந்த நிரல், லினக்ஸிலிருந்து இரு பிஎஸ்டிகளுக்கும் கொண்டுவரப்படுகிறது. ஆனால் அதன் அளவு மலைக்க வைப்பது. ரெஜிஸ்டர் பெயர்களைப் பட்டியலிடும் தலைப்புக் கோப்புகளே அதில் பெரும்பகுதி. எழுதியவர்களில் பெரும்பாலோர் ஏஎம்டியில் வேலை செய்பவர்கள். திரை கறுத்துப்போனால் பிஎஸ்டி பக்கத்தில் இருப்பவர் பெரும்பாலும் செய்வது, லினக்ஸில் அதற்குத் திருத்தம் வந்துவிட்டதா என்று பார்த்து எடுத்து வருவதுதான். ஃப்ரீபிஎஸ்டி 13.1இல் வந்த இன்டெல் வைஃபை டிரைவரும், லினக்ஸ் நிரலை ஓரளவு அப்படியே ஓட்டும் இடைப்படலத்தின் மேல் நிற்பதால், இதே நிலையில்தான் இருக்கிறது. சுவர் இல்லை, கதவு திறந்துதான் இருக்கிறது, உள்ளே போய்ப் பார்க்கும் அளவுக்கு ஆட்கள் இல்லை. மூலநிரலைக் கேட்டு வாங்கியதோடு போராட்டம் முடிந்தது என்று நினைத்த திறமூல இயக்கம், ஆவணத்தையும் அதே அழுத்தத்தோடு கேட்டிருக்க வேண்டும். ரேலிங்க் போன்ற தைவான் நிறுவனங்கள் கேட்டதும் கொடுத்தன. அந்த ஆவணங்களை வைத்து எழுதிய டிரைவரை ஒரே ஆள் உட்கார்ந்து முழுவதும் படித்துவிட முடியும்.