கைத்தொலைபேசியின் தலைமுறைகள்

கைத்தொலைபேசியின் வளர்ச்சியை அறிஞர்கள் ஐந்து தலைமுறைகளாகப் பகுத்துரைப்பர். பிற மாநிலங்களில் வாழும் நமக்கோ, ஊரிலுள்ளார் குரலைக் கேட்க நாம் கொடுத்த விலையின் வரலாறும் அதனுள் அடங்கியிருக்கிறது.

இதன் அடிப்படை எளியது. நகரைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோபுரம் அமைப்பர். ஒரு பகுதியில் பயன்படும் அலைவரிசையையே சற்றுத் தொலைவிலுள்ள மற்றொரு பகுதியிலும் பயன்படுத்தலாம். பேசுவோர் இடம் பெயர்ந்தால், ஒரு கோபுரம் அவரை அடுத்த கோபுரத்திடம் ஒப்படைக்கும். 1979-ஆம் ஆண்டில் தோக்கியோவில் தொடங்கிய சேவை முதல் தலைமுறையைச் சேர்ந்தது. குரலை எண்களாக மாற்றி அனுப்பும் இரண்டாம் தலைமுறை 1991-இல் பின்லாந்தில் நடைமுறைக்கு வந்தது. அதனால் அதே அலைவரிசையில் மேலும் பலர் பேச இயன்றது; எழுத்துச் செய்தியும் உடன் வந்தது.

நம் நாடு நேராக இரண்டாம் தலைமுறையிலேயே அடியெடுத்து வைத்தது. 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து பேச, தில்லியில் மத்திய அமைச்சர் சுக்ராம் கேட்டார். அந்நாளில் அழைத்தவர், அழைக்கப்பட்டவர் இருவரும் கட்டணம் செலுத்த வேண்டும். மணி ஒலித்தால் மகிழ்ச்சியோடு அச்சமும் எழுந்தது! 2003-இல் வரும் அழைப்புக்கான கட்டணம் நீங்கிற்று. பணம் படைத்தோர் கையில் இருந்த கருவி கூலித் தொழிலாளியின் சட்டைப்பைக்கும் வந்தது.

மூன்றாம் தலைமுறை 2008-இல் தில்லியிலும், நான்காம் தலைமுறை 2012-இல் கொல்கத்தாவிலும் தொடங்கின. குரலோடு முகமும் தெளிவாக வந்து சேர்ந்தது. 2022 அக்டோபரில் ஐந்தாம் தலைமுறை தொடக்கம் பெற்றது.

இவ்வரிசையில் இடம்பெறாத ஒரு நாளும் உண்டு. முன்பெல்லாம் மாநிலம் மாறிக் குடியேறியவர், ரோமிங் கட்டணத்தைத் தவிர்க்க விரும்பினால் பழைய எண்ணைத் துறந்து புது எண் பெற வேண்டும். ஊரார் நெஞ்சில் பதிந்த எண் அத்தோடு மறையும். 2015 ஜூலை 3 முதல் நாட்டில் எங்குக் குடியேறினும் அதே எண்ணை வைத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. ரோமிங் கட்டணமும் படிப்படியாக மறைந்தது.

பொறியியலார் தலைமுறைகளை வேகத்தால் அளப்பர். அது அவர்கள் தொழிலுக்குப் பொருந்தும். ஆயினும், பிழைப்புத் தேடி வந்தவர் தாயோடு நாள்தோறும் பேச முடிந்ததற்கு, வேகம் கூட்டிய விஞ்ஞானத்தோடு கட்டணம் குறைத்த விதிகளும் காரணம். 2003-ஐயும் 2015-ஐயும் அவர் மறத்தல் அரிது.