கழுநீரும் கழிவுநீரும்

குளித்த தண்ணீர், துணி அலசிய தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் இவற்றுக்கெல்லாம் இப்போது 'சாம்பல் நிற நீர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்திலிருந்து அப்படியே இறக்கியது. பிரெஞ்சிலும் இன்று அதே நிறத்தைத்தான் சொல்கிறார்கள். நான் பள்ளியில் படித்த பிரெஞ்சில் அது 'ஓ மெனாழேர்', அதாவது வீட்டு வேலைத் தண்ணீர். கக்கூசிலிருந்து போவது 'ஓ வான்'. இரண்டும் ஒன்றல்ல என்பது பெயரிலேயே இருந்தது.

தமிழில் அதைவிட நல்ல சொல் இருக்கிறது: கழுநீர். அரிசி களைந்த தண்ணீருக்கு வழங்கிய பெயர். மாட்டுக்கு வைக்கிற தண்ணீர் அது. கழிவுநீர் வேறு. இன்றைக்கு எல்லாவற்றையும் கழிவுநீர் என்றே சொல்லிவிடுகிறோம். குழாய் ஒன்றாகிவிட்டதால் சொல்லும் ஒன்றாகிவிட்டது என்பது என் எண்ணம். நம் புதுவையில் அது எப்படி நடந்தது என்பதை, எனக்குத் தெரிந்தவரை எழுதி வைக்கிறேன்.

தமிழர் பகுதியின் பழைய வீடுகளை என் வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தெருவில் தாழ்வாரம், திண்ணை, உள்ளே முற்றம், பின்னால் தோட்டம். நான்கு பக்கத்து ஓட்டிலிருந்தும் மழை முற்றத்தில் விழும். முதல் மழை கூரையைக் கழுவட்டும் என்று கால்மணி நேரம் விட்டுவிட்டுத்தான் எங்கள் ஆயா அண்டாவையும் தவலையையும் வரிசையாக வைப்பார். (வெளியூர் அன்பர்களுக்காக: எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்போம்.) அந்தத் தண்ணீரில் பருப்பு நன்றாக வேகும் என்பதால் சமையலுக்கு மட்டும் எடுப்பார்கள்.

மற்றத் தண்ணீருக்கும் வீட்டில் ஒரு விலாசம் இருந்தது. அரிசியும் காய்கறியும் கழுவியது கழுநீர்ப் பானைக்கு, அங்கிருந்து மாட்டுக்கு. பாத்திரம் சாம்பலும் புளியும் போட்டுத் துலக்கியது அங்கணத்தின் வழியாகத் தோட்டத்து வாழைக்கு. குளித்தது தென்னைக்கு. சீயக்காயும் கடலை மாவும் கலந்த தண்ணீர்தானே, செடிக்கு ஒரு கெடுதலும் இல்லை. துணி அலசிய கடைசித் தண்ணீரை வாளியில் பிடித்துத் தோட்டத்துக் கல்லைக் கழுவுவார்கள். இதற்கெல்லாம் யாரும் மறுசுழற்சி என்று பெயர் சொல்லவில்லை. கிணற்றில் இறைப்பவருக்குத் தோள் வலிக்கும், அதனால் ஒரு குடம் தண்ணீர் இரண்டு வேலை செய்தது, அவ்வளவுதான்.

வீட்டுத் தண்ணீர் யார் வாசலுக்குப் போகலாம் என்பதற்குச் சட்டமும் இருந்தது. 1804-ல் எழுதப்பட்ட பிரெஞ்சுச் சிவில் சட்டம் 1819-ல் புதுவையில் அமலுக்கு வந்தது. அதன் 681-ஆம் பிரிவின்படி, கூரைத் தண்ணீர் தன் மனையிலோ பொதுத் தெருவிலோ விழும்படிதான் ஒருவர் வீடு கட்ட வேண்டும். அண்டை வீட்டான் மனையில் கொட்டக் கூடாது. எனக்கு மிகவும் பிடித்த பிரிவு இது. இன்றைய அண்டை வீட்டுச் சண்டைகளில் பாதி இந்த ஒரு வரியில் தீர்ந்துவிடும்.

தோள்வலி மட்டும்தான் சிக்கனத்துக்குக் காரணமா என்றால், இல்லை. கடலை ஒட்டிய ஊர் இது. கடற்கரைப் பக்கத்துக் கிணறுகளில் குடிக்கத் தக்க தண்ணீர் எளிதில் கிடைக்காது. அதனால்தான் மூன்றாம் நெப்போலியன் காலத்தில், போந்தாம் கவர்னராக இருந்தபோது (1863 முதல் 1871 வரை), மேற்கே முத்திரப்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அந்த வேலையோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் பொறியாளர் லமெரேஸ். தென்னிந்தியப் பாடல்களைப் பிரெஞ்சில் பெயர்த்து வெளியிட்டவரும் இவரே. குழாய் போட வந்த பொறியாளர் பாட்டையும் கேட்டுக்கொண்டு போயிருக்கிறார்!

முத்திரப்பாளையத்துக் குளத்தை வெட்டியது ஆயி என்ற தாசி என்று கதை. கிருஷ்ணதேவராயர் அந்த வழியாகப் போனபோது, விளக்கொளியில் மின்னிய ஒரு மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டாராம். அது தாசி வீடு என்று தெரிந்ததும் கோபம் வந்து இடிக்கச் சொன்னாராம். ஆயி தானே வீட்டை இடித்து அதே இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாளாம். கதையில் எத்தனை பங்கு உண்மை என்பதை ஆராய்ச்சியாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். பிரெஞ்சு அரசு அவள் பெயரால் மண்டபம் கட்டியது உண்மை. இன்றைய பாரதி பூங்காவின் நடுவே நிற்கிறது. எங்கள் அரசின் சின்னமும் அந்த மண்டபம்தான். குமாஸ்தாவாக நான் தட்டச்சு செய்த காகிதங்களை அடுக்கினால் அந்த மண்டபத்தின் உயரம் வரும். ஒரு பெண் தன் வீட்டை இடித்து வெட்டிய குளத்தின் நினைவைச் சின்னமாக வைத்திருக்கிற அரசு உலகத்தில் வேறு எத்தனை இருக்கும் என்று அடிக்கடி நினைப்பேன்.

அதற்குப் பின் 1870-களின் இறுதியில் இன்னொரு அதிசயம். சவானா நூற்பாலையில் ஆழமாகத் துளை போட்டபோது, இறைக்காமலே தண்ணீர் தானாக மேலே பொங்கி வந்தது. ஆர்ட்டீசியன் ஊற்று. ஆங்கிலேயரின் நிலவியல் துறைக்காரர்களே 1880-ல் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். மேற்கே உயரமான செம்மண் மேடுகளில் இறங்கும் மழை, களிமண் அடுக்குகளுக்கு இடையே அழுத்தத்தோடு நம் காலடிக்கு வந்து நிற்கிறது. துளை போட்டால் எழும்புகிறது. இதற்குப் பிறகு நம் ஊர் மக்களுக்குத் தண்ணீரை எண்ணிச் செலவழிக்கும் பழக்கம் மெல்லக் குறைந்தது என்று நினைக்கிறேன். தானாக வருகிற பொருளுக்குக் கணக்கு எழுதுவார் இல்லை.

இவ்வளவு தூரம் படித்துவிட்டு, அந்தக் காலம் போல வருமா என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கழுநீரும் மலநீரும் பழைய வீட்டில் கலக்காமல் இருந்ததற்கு ஒரு காரணம், கக்கூசுக்குத் தண்ணீரே போகாததுதான். தோட்டத்துக் கோடியில் எடுப்புக் கக்கூஸ். பின்சந்தில் இரும்புக் கதவு. காலையில் ஒரு அம்மாள் வாளியும் தகரமும் கொண்டு வருவார். அவர் வரும் நேரத்தில் குழந்தைகளைச் சந்துப் பக்கம் விட மாட்டார்கள். அவர் கை கழுவக் கிணற்றைத் தொடக் கூடாது; யாராவது உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். அவர் பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்தக் கால வீட்டில் நாங்கள் மிச்சப்படுத்திய தண்ணீரின் விலையில் ஒரு பங்கை அந்த அம்மாள்தான் கொடுத்தார். கணக்கு எழுதிப் பிழைத்தவன் நான். இந்தச் செலவை எழுதாமல் ஐந்தொகை சரியாக வராது.

ஆகவே தண்ணீர் விட்டுத் தள்ளும் கக்கூஸ் வந்தது பெரிய விடுதலை. பாரிஸ் நகரம் இதே விஷயத்தில் நீண்ட காலம் சண்டை போட்டது. வீட்டிலிருந்து போகும் எல்லாவற்றையும் சாக்கடைக் குழாயில்தான் விட வேண்டும் என்று 1894 ஜூலையில் அங்கே சட்டம் வந்தது. செலவு யார் தலையில் என்று வீட்டுக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். அந்தச் சாக்கடைத் தண்ணீரை ழெனவில்லியே போன்ற புறநகர் வயல்களுக்குப் பாய்ச்சிக் காய்கறி பயிரிட்டார்கள். நன்றாகவே விளைந்தது. ஆனால் நூறு வருஷம் கழித்து, பியேர்லே என்ற பகுதியில் மண்ணில் ஈயமும் மற்ற உலோகங்களும் சேர்ந்திருப்பது தெரிந்து, காய்கறி விற்பனையையே நிறுத்த வேண்டியதாயிற்று. எல்லாத் தண்ணீரையும் ஒரே குழாயில் கலந்தால், அதில் எது எங்கிருந்து வந்தது என்று பிறகு பிரிக்க முடிவதில்லை.

எடுப்புக் கக்கூஸ் நம் நாட்டில் சட்டப்படி ஒழிய 1993 வரை ஆயிற்று. ஒழுங்காக ஒழிய இன்னும் 2013-ல் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. இதற்கிடையில் புதுவையில் தோட்டங்கள் மனைகளாயின, மாடுகள் ஊருக்கு வெளியே போயின, வாழைக்கும் தென்னைக்கும் இடமில்லை. அங்கணத்துத் தண்ணீர் தெருச் சாக்கடைக்குத் திரும்பியது. தேங்கிய சாக்கடையில் கியூலெக்ஸ் கொசு. யானைக்கால் நோய் இந்த ஊரில் எத்தனை பேரைப் படுத்தியது என்பதை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1975-ல் இங்கே கொசுவால் பரவும் நோய்களுக்கான ஆராய்ச்சி மையம் தொடங்கியது. 1981 முதல் 1985 வரை சாக்கடைகளில் தண்ணீர் தேங்காமல் பார்ப்பது, மீன் விடுவது என்று ஊர் முழுக்க வேலை செய்தார்கள். அப்போது கால்வாய்க் கரையில் குனிந்து கரண்டியால் தண்ணீர் மொண்டு கொசுப்புழு எண்ணிக்கொண்டிருந்த இளைஞர்களைப் பார்த்து நாங்கள் சிரிப்போம். அவர்கள் எண்ணியது எங்கள் வீட்டுக் கழுநீரில் வளர்ந்த புழுக்களைத்தான்.

மோட்டார் வந்தபின் நிலத்தடிக் கதை வேறாகிவிட்டது. தானாகப் பொங்கிய ஊற்றுக்கு இப்போது பல நூறு அடி ஆழத்தில் மோட்டார் இறக்குகிறார்கள். மேலே இறைக்க இறைக்கக் கடல் உள்ளே வருகிறது. உப்புக் கரிக்கிறது என்று ஆர்.ஓ. இயந்திரம் வாங்குகிறோம். அது ஒரு குடம் கொடுக்க இரண்டு மூன்று குடத்தைக் கீழே விடுகிறது. நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்தப் புதுவைக்கென்றே 2002-ல் தனிச் சட்டம் வந்தது. சட்டம் ஆழ்துளைக் கிணற்றைப் பார்க்கும். வீட்டுக் குழாயைப் பார்ப்பது நாம்தான்.

நகரங்களில் ஒருவருக்கு நாளுக்கு 135 லிட்டர் என்பது அரசுக் கணக்கு. அதில் பாதிக்கு மேல் கழுநீராகத்தான் வெளியேறுகிறது. பழைய பீங்கான் தொட்டி ஒரு தடவைக்குப் பத்து லிட்டர் கொட்டும். நான்கு பேர் ஐந்து தடவை போனால் 200 லிட்டர். நல்ல தண்ணீர், ஏற்றுவதற்கு மின்சாரம் வேறு. எங்கள் துணி இயந்திரம் ஒரு முறை ஓடினால் எத்தனை விடுகிறது என்று வாளி வைத்து அளந்தேன்: ஏழு வாளி. இப்போது அதன் குழாயைச் சுவரோரம் ஒரு பீப்பாயில் விட்டிருக்கிறோம். கக்கூசுக்கு அதுதான். ஒரு நாளுக்கு மேல் வைப்பதில்லை. வைத்தால் நாறும் என்பதை என் மனைவி எந்த விஞ்ஞானியும் சொல்லாமலே கண்டுபிடித்தார். ஆர்.ஓ. விடும் தண்ணீர் தரை துடைக்க. உப்பு அதிகம் என்பதால் செடிக்கு ஊற்றுவதில்லை.

குளியலறைத் தண்ணீர், வீட்டின் பின்னால் மிச்சமிருந்த மூன்றடி அகலத் துண்டு நிலத்துக்குப் போகிறது. இரண்டடி ஆழம் வெட்டி, அடியும் பக்கமும் பூசி, சரளைக் கல் நிரப்பிக் கல்வாழை வைத்தோம். தண்ணீர் கல்லுக்குக் கீழேயே நகர்வதால் கொசுவுக்கு இடமில்லை. கல்லிலும் வேரிலும் ஒட்டி வளரும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்றுவிடுகின்றன. மறுமுனையில் வருவது குடிக்கத் தக்கதல்ல. அப்படி யாரும் நினைக்க வேண்டாம். பக்கத்து மரத்துக்குப் போதும். கீரைக்கு விடுவதில்லை. சமையலறைத் தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்கு கல்லை அடைத்துவிடும் என்பதால் அதை இதில் சேர்க்கவில்லை. காய்கறி கழுவியதை மட்டும் ஒரு பானையில் பிடித்துக் கறிவேப்பிலைக்கு. துணி சோடாவும் பிளீச்சிங்கும் குளியலறையில் ஊற்றினால் கல்வாழை இரண்டே நாளில் முகம் வாடிக் காட்டிக்கொடுத்துவிடும்.

எங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டை இடித்து மூன்று மாடி கட்டுகிறார்கள். கட்டுபவர் தெரிந்த பிள்ளை. சுவரில் குழாய் பதிக்கும் முன்பு போய், "தம்பி, கக்கூசுக்கு ஒரு குழாய், குளியலுக்கு ஒரு குழாய், தனித்தனியாக இறக்கிவிடு. இன்றைக்குப் பயன்படுத்தாவிட்டாலும் பரவாயில்லை, பின்னால் சுவரை உடைக்காமல் பிரிக்கலாம்" என்றேன். பிளம்பர் சிரித்தார். "ஐயா, நாலு நீளம் பைப்பும் ரெண்டு பெண்டும் கூட ஆவும், அவ்வளவுதான். ஆனா இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல" என்றார். அந்தப் பிள்ளை வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறான். தீபாவளிக்கு முன் பூச்சு வேலை தொடங்குகிறது.