கையெழுத்துத் திரட்டுகளும் கணிப்பொறிப் பட்டியலும்

அச்சு நூலுக்குப் படிகள் பல. ஒரு நூலகத்தார் எழுதிய பட்டியல் அட்டை மற்றொரு நூலகத்திற்கும் பொருந்தும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1901ஆம் ஆண்டு முதல் அச்சிட்ட அட்டைகளைப் பிற நூலகங்களுக்கு விற்க முடிந்தது இதனாலேயே. கையெழுத்துத் தாளின் நிலை வேறு. ஒருவர் எழுதிய மடலோ நாட்குறிப்போ உலகில் ஒன்றே ஒன்றுதான். அதனை விவரிக்கும் கடமை, அதனை வைத்திருக்கும் காப்பகத்திற்கே உரியது. காப்பகத்தாரும் தட்டச்சிட்ட விளக்கக் குறிப்பேடு ஒன்றை வைத்துக்கொண்டு, நேரில் வருவோர்க்கு எடுத்துக் காட்டினர். எவருடைய தாள்கள் எந்தப் பல்கலைக்கழகத்தில் உள்ளன என்று அறிவதற்கே ஆய்வாளர் பலருக்கு மடல் எழுதிக் காத்திருக்க நேர்ந்தது.

இக்குறையைப் போக்கக் காங்கிரஸ் நூலகம் கையெழுத்துத் திரட்டுகளின் தேசியக் கூட்டுப் பட்டியலை 1962 முதல் வெளியிட்டது. அது 29 தொகுதிகளாக வளர்ந்தது. இதற்கிடையே, ஹென்றியெட் ஆவ்ரம் அம்மையாரின் முயற்சியால் 1960களில் 'மார்க்' என்னும், கணிப்பொறி படிக்கத்தக்க பட்டியல் முறை தோன்றியது. அது நூல்களுக்கென்று அமைந்தது. காப்பகத்தார் நெடுநாள் தயங்கினர். அத்தயக்கத்தில் நியாயம் இல்லாமற் போகவில்லை. ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைத் தாள்களை நூற்பெயர், ஆசிரியர், பதிப்பாண்டு என்னும் கட்டங்களுக்குள் எப்படி அடைப்பது? ஸ்டீவன் ஹென்சன் 1983இல் வெளியிட்ட விதிநூலும், 1980களின் நடுவில் காப்பகங்களுக்கென உருவான மார்க் வடிவமும் இதற்கு வழி கண்டன. அதன்பின்னரே பல்கலைக்கழகங்களின் கணிப்பொறிப் பட்டியலில் நூல்களும் தாள்களும் ஒரே தேடலில் அருகருகே வரலாயின.

எனினும், வருவது திரட்டைப் பற்றிய ஒரே பதிவு. உரியவர் பெயர், வாழ்க்கைச் சுருக்கம், உள்ளடக்கச் சுருக்கம், அளவு ஆகியவை அதில் இருக்கும். அளவைப் பக்கக் கணக்கில் கூறாமல், அலமாரியில் பிடிக்கும் இடத்தைக் கொண்டு, துணியை அளப்பதுபோல் அடிக்கணக்கில் கூறுவர். நூறு பெட்டிகளுக்கும் அதே ஒரு பதிவுதான். மடல் எழுதிய ஒருவர் பெயர் அதில் இடம்பெறுவது, பட்டியலிட்டவர் அவரைப் பொருட்படுத்தினாரா என்பதைச் சார்ந்தது. பெண்கள் எழுதியவை கணவர் பெயரிலோ குடும்பப் பெயரிலோ மறைந்து கிடந்தன. அவர்தம் பெயரையே தேடியவர்க்கு ஒன்றும் கிட்டவில்லை. பெட்டிக்குள் மடல் இருந்தது. பட்டியலில்தான் அவள் இல்லை.

பெர்க்கிலியில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் டேனியல் பிட்டி 1993இல் தொடங்கிய பணி இங்கே முதன்மை பெறுகிறது. சுருக்கத்தோடு நில்லாமல் விளக்கக் குறிப்பேட்டையே கணிப்பொறிக்கு ஏற்றுவது அவர் நோக்கம். 1998இல் முறைப்படுத்தப்பட்ட இவ்வமைப்பினால் பெட்டியும் அதனுள் உள்ள உறையும்கூடத் தேடலுக்கு எட்டின.

ஆயினும் குறிப்பேடே எழுதப்படாத திரட்டுகள் கிடங்குகளில் குவிந்திருந்தன. மார்க் கிரீனும் டென்னிஸ் மெய்ஸ்னரும் 2005இல் எழுதிய கட்டுரையில், ஒவ்வொரு தாளிலும் இரும்பு ஊசியைக் களைந்து காலம் போக்காமல், பருவெட்டாக விவரித்தேனும் ஆய்வாளர்க்குத் திறந்துவிடுக என வற்புறுத்தினர். விவரம் குன்றினால் மறைந்த பெயர்கள் மேலும் மறையும் என்று மறுத்தோரும் உண்டு.