தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும்: பணிப்பட்டியல் வடிகட்டலின் வரலாறு

மனிதன் ஒரு நாளிற் செய்து முடிக்கக்கூடிய பணிகள் சில. செய்யவேண்டியவையென அவன் குறித்துவைக்கும் பணிகளோ பல. இவ்விரண்டினையும் இணக்குவதற்கெனத் தோன்றியதே பணிப்பட்டியல். பட்டியல் நீண்டு செல்லும்போது அதனை நாள்தோறும் முழுமையாகப் படிப்பது இயலாததாகின்றது. எனவே, இன்று கண்முன் நிற்கவேண்டியவை எவை, பின்னர் நோக்கலாமென ஒதுக்கத்தக்கவை எவை எனப் பிரித்தெடுக்கும் தேவை எழுகின்றது. இன்றைய பணி முகாமைத்துவ மென்பொருள்கள் இப்பிரிப்பினைப் பெரும்பாலும் இரு திகதிகளைக் கொண்டே செய்கின்றன. ஒன்று தொடக்கத் திகதி. மற்றையது முடிவுத் திகதி.

மேலோட்டமாக நோக்குமிடத்து இவை ஒரே கோட்டின் இரு முனைகளாகத் தோன்றும். ஆயின் இவை இருவேறு வினாக்களுக்கான விடைகளாகும். இப்பணியை எப்போது தொடங்க இயலும் என்பது ஒரு வினா. எப்போதைக்குள் முடித்தாக வேண்டும் என்பது மற்றொரு வினா. முன்னையது இயலுமை பற்றியது. பின்னையது கடப்பாடு பற்றியது. இவ்வினாக்கள் வெவ்வேறு சூழல்களில் வளர்ச்சிபெற்றுக் கணினியில் வந்து சந்தித்தன. அச்சந்திப்பிலே தீராது விடப்பட்ட சிக்கல்கள் இன்றும் மென்பொருள்களிற் காணப்படுகின்றன. வடிகட்டியானது ஒரு பணியை மறைக்கும்போது, அதனை மறைத்துவிட்டது என்னும் செய்தியையும் சேர்த்தே மறைத்துவிடுகின்றது. ஆதலின் அதன் விதிகள் எங்கிருந்து வந்தன என அறிதல் வெறும் தொழில்நுட்ப ஆர்வம் அன்று.

அலுவலக இழுப்பறை

தொடக்கத் திகதியின் மூலத்தை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேலைநாட்டு வணிக அலுவலகங்களில் வழங்கிய நினைவூட்டற் கோப்பு முறையிலே காணலாம். மாதத்தின் நாள்களுக்கென 31 உறைகளும், ஆண்டின் மாதங்களுக்கென 12 உறைகளுமாக மொத்தம் 43 உறைகள் இழுப்பறையொன்றில் வைக்கப்பட்டன. 17ஆந் திகதி கவனிக்கவேண்டிய கடிதம் 17ஆம் உறைக்குட் சென்றது. அடுத்துவரும் மாதங்களுக்குரியவை மாத உறைகளுக்குட் சென்று, அம்மாதம் பிறந்ததும் நாள் உறைகளுக்குப் பிரித்திடப்பட்டன. 2001ஆம் ஆண்டில் டேவிட் அலன் எழுதிய கெற்றிங் திங்ஸ் டன் என்னும் நூல் இம்முறையைப் புதிய தலைமுறையினர்க்கு மீண்டும் அறிமுகஞ் செய்தது.

இம்முறையில் ஒரு தாளுக்கு ஒரு திகதியே உண்டு. அது அத்தாள் கண்ணுக்குப் புலப்படும் நாளைக் குறித்ததேயன்றி, முடிக்கவேண்டிய நாளைக் குறிக்கவில்லை. அன்றி, அன்றைய உறையிலிருந்து வெளியே எடுக்கப்பட்ட தாள் மேசைமீது கிடக்கும். செய்து முடிக்கப்படும்வரை அல்லது வேறோர் உறைக்குட் கையால் இடப்படும்வரை அது தானாக மறைவதில்லை. இப்பண்பு பின்னர் முக்கியம் பெறும்.

பொறியியலாளரின் கோடுகள்

இரு திகதிகளையும் ஒருங்கே காட்டும் மரபு தொழிற்சாலைகளில் வளர்ந்தது. போலந்து நாட்டுப் பொறியியலாளரான கரோல் அடாமியெற்ஸ்கி 1896ஆம் ஆண்டளவில் வேலைகளின் கால ஒழுங்கைக் காட்டும் வரைபடமொன்றினை உருவாக்கினார். ஐக்கிய அமெரிக்காவிலே ஹென்றி கான்ட் (1861–1919) முதலாம் உலகப் போர்க் காலத்திற் பயன்படுத்திய வரைபடங்கள் பரவலாக அறியப்பட்டன. அவருடைய மறைவின் பின்னர், 1922இல் வொலஸ் கிளார்க் எழுதிய நூலினால் அவை பல நாடுகளுக்குஞ் சென்றன.

இவ்வரைபடத்தில் ஒவ்வொரு பணியும் கிடையான ஒரு கோடு. கோட்டின் இடமுனை தொடக்கம், வலமுனை முடிவு. இன்றைய நாளைக் குறிக்கும் நிலைக்குத்துக் கோட்டினை வரைந்தால் அது வெட்டிச் செல்லும் பணிகளே நடைபெறவேண்டியவை. இன்றைய மென்பொருள்களில் ஒரு கால எல்லையைக் கொடுத்து அதனுட் படியும் பணிகளைத் தேடும் முறை இவ்வெட்டுதலின் கணித வடிவமேயாகும். எனினும் ஒரு வேறுபாடு நினைவிற் கொள்ளத்தக்கது. கான்ட் வரைபடம் எதனையும் மறைக்கவில்லை. இன்றைய கோட்டிற்கு இடப்புறத்தே முடிந்திருக்கவேண்டிய ஆனால் முடியாத பணியும் அதே தாளிற் கண்ணுக்குத் தெரிந்தது. தாமதத்தைக் காட்டுவதே அவ்வரைபடத்தின் பயனாயிருந்தது.

கணிக்கப்பட்ட திகதிகள்

1950களின் பிற்பகுதியில் திகதிகள் மனிதரால் இடப்படும் நிலையிலிருந்து கணினியாற் கணிக்கப்படும் நிலைக்கு மாறின. டூபொன்ட் நிறுவனத்தைச் சார்ந்த மோர்கன் வோக்கரும், றெமிங்டன் றான்ட் நிறுவனத்தைச் சார்ந்த ஜேம்ஸ் கெலியும் யூனிவாக் கணினியின் துணையுடன் தீர்வுநிலைப் பாதை முறையை உருவாக்கி, 1959இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். 1958இல் அமெரிக்கக் கடற்படையின் பொலாறிஸ் ஏவுகணைத் திட்டத்திற்கெனப் பேர்ட் என்னும் முறை தோன்றியது.

தீர்வுநிலைப் பாதை முறையின்படி ஒரு பணிக்கு இரண்டல்ல, நான்கு திகதிகள் உள. முற்பட்ட தொடக்கம், முற்பட்ட முடிவு, பிற்பட்ட தொடக்கம், பிற்பட்ட முடிவு என்பன அவை. எடுத்துக்காட்டாக, 1ஆந் திகதி தொடங்க இயன்ற, 10ஆந் திகதி மாலைக்குள் முடிக்கவேண்டிய, 4 நாள் உழைப்பை வேண்டிநிற்கும் ஒரு பணியைக் கொள்வோமாயின், அது 4ஆந் திகதியிலேயே முடியலாம். 7ஆந் திகதிக்குப் பிந்தித் தொடங்கினால் உரிய நாளில் முடியாது. இடைப்பட்ட 6 நாள்களே அதன் நெகிழ்வுக் காலமாகும்.

இந்நான்கினையும் இணைத்து நிற்பது பணிக்கு வேண்டிய உழைப்பின் அளவே. தனிமனிதரின் பணிப்பட்டியல் மென்பொருள்கள் பல தோன்றியபோது இரு திகதிகள் எஞ்சின; உழைப்பின் அளவு கைவிடப்பட்டது. அதன் விளைவு எளிதிற் புலப்படும். "இன்று முடியவேண்டியவை" என்னும் வடிகட்டி மேற்கூறிய பணியை 10ஆந் திகதி காட்டும். அப்போது அதனைத் தொடங்கவேண்டிய இறுதி நாள் கழிந்து 3 நாள்கள் ஆகியிருக்கும்.

வரிசைப்படுத்தலின் கணிதம்

முடிவுத் திகதி மட்டும் இருப்பின் வரிசைப்படுத்தல் எளிது. முடிவுத் திகதி முந்தியதை முதலிற் செய்வதே மிகப்பெரிய தாமதத்தை இயன்றளவு குறைக்கும் வழி என்பதை 1955இல் ஜாக்சன் நிறுவினார். பட்டியலை முடிவுத் திகதியின்படி அடுக்கும் மென்பொருள் இவ்விதியையே பின்பற்றுகின்றது. ஆயின் இவ்விதி எல்லாப் பணிகளும் இன்றே தொடங்க இயன்றவை என்னும் எடுகோளின்மீது நிற்பது.

தொடக்கத் திகதிகள் வேறுபடும்போது நிலைமை முற்றாக மாறுகின்றது. முதற்பணி 1ஆம் நாள் தொடங்கத்தக்கது. 4 நாள் வேண்டுவது. 10ஆம் நாள் முடிவது. இரண்டாம் பணி 2ஆம் நாளே கிடைப்பது, ஒரு நாள் வேண்டுவது, அன்றே முடிக்கவேண்டியது. எடுத்த பணியை இடையில் நிறுத்த இயலாதெனின், 1ஆம் நாளில் முதற்பணியைத் தொடங்கியவர் இரண்டாம் பணியை 5ஆம் நாளில், 3 நாள் பிந்தியே முடிப்பார். 1ஆம் நாள் வாளாவிருந்தவரோ இரண்டாம் பணியை 2ஆம் நாளிலும், முதற்பணியை 6ஆம் நாளிலும் பிழையின்றி முடிப்பார். தொடக்கத் திகதி வராத பணியை மறைக்கும் வடிகட்டி 1ஆம் நாளில் முதற்பணியொன்றையே காட்டும். அதனைக் கண்டவர் அதனைத் தொடங்கவே செய்வார்.

பணியை இடையில் நிறுத்திப் பின்னர் தொடர இயலுமாயின் இச்சிக்கல் தீரும். 1ஆம் நாளில் முதற்பணியைத் தொடங்கி, 2ஆம் நாளில் அதனை விட்டு இரண்டாவதை முடித்து, மீண்டும் அதற்குத் திரும்பலாம். நிறுத்த இயலாதவிடத்து இப்பிரச்சினை பொதுநிலையிற் கணினிக்கும் மிகக் கடினமானது என 1977இல் லென்ஸ்ட்ரா, றின்னூய் கான், புருக்கர் ஆகியோர் காட்டினர். திகதிக் கட்டமொன்றினைப் புதிதாகச் சேர்த்தல் சிறு மாற்றமன்று என்பது இதனாற் பெறப்படும்.

தனிமனிதரின் கணினியில்

1979இல் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் கலண்டர் என்னும் சிறு கட்டளை இருந்தது. அது ஒரு கோப்பினைப் படித்து, இன்றைய அல்லது நாளைய திகதியுள்ள வரிகளை மட்டும் வெளியிட்டது. வார இறுதியில் "நாளை" என்பது திங்கள்வரை நீண்டது. இழுப்பறையின் எளிமை இதிலுண்டு. ஆயின் மேசை இல்லை. நாள் கழிந்ததும் வரி தானாக மறைந்தது.

1998 நவம்பரில் வெளியான ஐகலண்டர் நியமம் பணிக்கெனத் தனியொரு வடிவத்தை வகுத்து, அதிலே தொடக்கத் திகதிக்கும் முடிவுத் திகதிக்கும் இடமளித்தது. இரண்டும் இல்லாத பணி, முடிக்கப்படும்வரை ஒவ்வொரு நாளுக்கும் உரியதெனக் கொள்ளப்பட்டது. 2007 மார்ச்சில் வெளியான கல்டாவ் நியமம், கொடுக்கப்பட்ட கால எல்லைக்குட் படியும் பணிகளை எவ்வாறு தேர்தல் வேண்டுமென விதி விதியாக வரையறுத்தது. இரு திகதிகளும் உள்ள பணி, அவற்றுக்கிடைப்பட்ட காலம் எல்லையோடு ஒன்றின்மேலொன்று படியுமாயின் தேரப்படும். முடிவுத் திகதி மட்டும் உள்ளது, அத்திகதி எல்லைக்குள் விழுந்தால் தேரப்படும். தொடக்கத் திகதி மட்டும் உள்ளதற்கும் அவ்வாறே.

இவ்விதிகள் தம்மளவிற் குறைவற்றவை. ஆயின் 10ஆந் திகதி முதல் 17ஆந் திகதி வரையான பணிகளைக் கேட்பவர்க்கு, 8ஆந் திகதி முடிந்திருக்கவேண்டிய, இன்னும் முடியாத பணி கிடைப்பதில்லை. 8ஆந் திகதி தொடங்கி முடிவு குறிக்கப்படாத பணியும் கிடைப்பதில்லை. திகதியே இடப்படாத பணி ஒவ்வொரு நாளும் தோன்ற, ஒரு தொடக்கத் திகதியை இட்ட குற்றத்திற்காக மற்றொரு பணி மறுவாரமே மறைகின்றது. நிகழ்ச்சிக்குரிய தருக்கம் பணிக்கும் பொருத்தப்பட்டதே இதன் காரணமாகும். நடந்து முடிந்த கூட்டம் கடந்த காலத்துக்குரியது. முடியாத பணியோ என்றும் நிகழ்காலத்துக்குரியது. அந்நியமமே, திகதியை நோக்காது முடியாத பணிகள் அனைத்தையும் கேட்டுப்பெறும் வழியினையும் எடுத்துக்காட்டியுள்ளமை குறிப்பிடத்தக்கது. அவ்வழியைக் கையாளாத மென்பொருளே பயன்படுத்துவோரை ஏமாற்றும்.

வேறொரு வழியை 2003இல் அம்ஸ்ரர்டாம் பல்கலைக்கழக வானியலாளரான கார்ஸ்டன் டொமினிக் உருவாக்கிய ஓர்க் மோட் காட்டியது. அதில் திட்டமிட்ட நாள் என்பது பணியைச் செய்யத் தொடங்கும் நாள். அந்நாள் வந்தபின் பணி முடியும்வரை அன்றாடப் பட்டியலில் நிற்கும். முடிவுத் திகதியோ மறைக்கும் கருவியன்று, எச்சரிக்குங் கருவி. வேறு ஏற்பாடு செய்யாவிடின் 14 நாள்களுக்கு முன்னரே அது தோன்றத் தொடங்கும். கழிந்தபின்னும் எத்தனை நாள் கழிந்ததெனக் காட்டிக்கொண்டே நிற்கும். இழுப்பறையின் மேசையும், கான்டின் தாமதக் கோடும் இங்கு மீண்டும் இடம்பெற்றன எனலாம்.

நாளின் எல்லை

எஞ்சியுள்ள சிக்கல் நாள் எங்கே முடிகின்றது என்பது. "10ஆந் திகதிக்கு முன்" என்பதும் "10ஆந் திகதி உட்பட" என்பதும் கணினிக்கு ஒரு குறியின் வேறுபாடு; மாணவனுக்கோ ஒரு முழு நாளின் வேறுபாடு. அன்றியும், கொழும்பின் நள்ளிரவு உலகப் பொது நேரத்தில் முதல்நாள் மாலை 6.30 ஆகும். நாளை மட்டும் குறிக்கவேண்டிய முடிவுத் திகதியை நேரமாக மாற்றிச் சேமித்து, பொது நேரப்படி வாசிக்கும் மென்பொருள் அதனை ஒரு நாள் முந்தியதாகவே காட்டும். 2006 ஏப்பிரலில் இலங்கையின் நேரம் பொது நேரத்திலிருந்து 6 மணியெனும் நிலையிலிருந்து 5.30 மணியாக மீண்டும் மாற்றப்பட்டபோது, மாற்றத்துக்கு முன்னர் பொது நேரத்திற் சேமிக்கப்பட்ட பிற்காலத்துக் காலை 9 மணி, 8.30 எனத் தோன்றுவதற்கு இடமேற்பட்டது. சட்டத்தால் மாறக்கூடிய ஒன்றினை மாறாத எண்ணாகச் சேமித்தலின் விளைவு இது.

முடிவுரை

இதுகாறும் நோக்கியவற்றாற் சில தெளிவுகள் பெறப்படும். தொடக்கத் திகதி மறைப்பதற்கு உரியது. அந்நாள் வந்தபின் மறைக்கும் உரிமை அதற்கில்லை. முடிவுத் திகதி வரிசைப்படுத்தவும் எச்சரிக்கவும் உரியது. மறைப்பதற்கு ஒருபோதும் உரியதன்று. பணி முடிந்ததென்னும் குறிப்பு ஒன்றே அதனைப் பட்டியலிலிருந்து நீக்கவல்லது. உழைப்பின் அளவு குறிக்கப்படாதவிடத்து, முடிவுத் திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணும் கடமை மனிதனிடமே எஞ்சுகின்றது. இன்னும் தொடக்கம் வராத பணிகளையும் இடையிடையே திறந்து நோக்குதல் வேண்டும். நாளை வரவிருக்கும் பணியை அறியாதவன் இன்று எதனைத் தொடங்குவது எனச் சரியாகத் தீர்மானித்தல் அரிது. 43 உறைகளையும் தன் கையாற் பிரித்தடுக்கிய எழுதுவினைஞர், மாதத்துக்கு ஒருமுறையாயினும் வரவிருப்பவற்றைக் கண்ணாற் கண்டார். வடிகட்டி அவரது உழைப்பைக் குறைத்தது. அவர் கண்டதனைக் காணும் பொறுப்பினைக் குறைக்கவில்லை.