ஆங்கிலத்தை அளந்த கதை

மலர்க் குழுவினர் ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். வேதியியல் படித்துவிட்டு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தவன் நான். வெளிநாடு போக ஆயத்தமாகும் நம் கல்லூரிப் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "சார், டோஃபெல் ஈஸியா, ஐயெல்ட்ஸ் ஈஸியா?" என்பதுதான். அதற்கு ஒரு வரியில் பதில் கிடையாது தம்பி. எந்தத் தேர்வு யாருடைய தேவைக்காகப் பிறந்தது என்று தெரிந்தால்தான் பதில் பிடிபடும்.

மொழியை வைத்து ஆளை நிறுத்துவது பழைய வித்தை. 1897-இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் ஒரு சட்டம் வந்தது. புதிதாக வந்து இறங்குகிறவர் ஓர் ஐரோப்பிய மொழியில் விண்ணப்பம் எழுதிக் காட்ட வேண்டும். சட்டத்தில் 'இந்தியர்' என்ற சொல்லே கிடையாது; ஆனால் குறி, சொந்தச் செலவில் வந்த இந்திய வணிகர்கள்மீதுதான். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் தமிழர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கூலிக்கு எழுத்து எதற்கு என்று விட்டுவிட்டார்கள் போலும்!

அதே உத்தியை ஆஸ்திரேலியா 1901-இல் எடுத்துக்கொண்டது. அதிகாரி ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொற்களை வாசிப்பார். வந்தவர் பிழையில்லாமல் எழுத வேண்டும். மொழியைத் தேர்ந்தெடுப்பது அதிகாரி. 1934-இல் எகான் கிஷ் என்ற செக் எழுத்தாளர் வந்தார். பல மொழி தெரிந்தவர், ஹிட்லரை எதிர்த்தவர். அவருக்கு ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் வாசித்தார்கள்! வழக்கு உயர் நீதிமன்றம் போய், அந்தச் சட்டத்தின் பொருளில் கேலிக் ஓர் ஐரோப்பிய மொழி ஆகாது என்று தீர்ப்பானது. 1958-இல்தான் அந்தத் தேர்வை ஒழித்தார்கள். இதைத் தேர்வு என்று சொல்வதே தப்பு. தேர்வென்றால் தேறுவதற்கும் வழி இருக்க வேண்டுமல்லவா?

நேர்மையான தேர்வின் கதை 1913-இல் கேம்பிரிட்ஜில் தொடங்குகிறது. ஆங்கிலம் கற்பிக்க விரும்பிய வெளிநாட்டவருக்காக வைத்தார்கள். மொழிபெயர்ப்பு, கட்டுரை, இலக்கியம், ஒலியியல், சொல்வதெழுதுதல், உரையாடல் என்று மொத்தம் 12 மணி நேரம். எழுதியவர்கள் மூன்றே பேர். மூவரும் ஃபெயில்! நம் காலத்துப் பல்கலைக்கழக ரிசல்ட்டைத் திட்டிய நண்பர்கள் இதைக் கவனிக்கவும்.

இனி அமெரிக்கா. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே வெளிநாட்டு மாணவர் கூட்டம் பெருகியது. எல்லோரையும் ஒரே கோலால் அளக்க வேண்டுமென்று 1961-இல் வாஷிங்டனில் கூடிப் பேசி, 1964-இல் டோஃபெலைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு அது பிரின்ஸ்டனில் இருந்த இ.டி.எஸ். நிறுவனத்தின் பொறுப்புக்குப் போயிற்று. ஆயிரக்கணக்கான தாள்களை ஒரே மாதிரி திருத்த வேண்டுமே! ஆகவே எல்லாமே நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். 'எழுதும் திறன்' என்று ஒரு பகுதி இருந்தது. அதில்கூட ஒரு வாக்கியம் எழுத வேண்டியதில்லை. வட்டத்தைப் பென்சிலால் கறுப்பாக்கினால் போதும்.

சும்மா சொல்லக் கூடாது, இது நம்மவர்களுக்கென்றே அமைந்த மாதிரி இருந்தது. இலக்கணம் நமக்குத் தண்ணி பட்ட பாடு. அகராதியை மனப்பாடம் செய்தவர்கள் நம் ஹாஸ்டலிலேயே இருந்தார்கள். வாயைத் திறந்து "குட் மார்னிங்" சொல்லக் கூசுகிறவர்கள்கூட 600-க்கு மேல் வாங்கிக்கொண்டு விமானம் ஏறினார்கள். அங்கே போனதும் உதவித்தொகைக்காக இளநிலை வகுப்பில் பாடம் நடத்தச் சொன்னார்கள். "இவர் பேசுவது புரியவில்லை" என்று அமெரிக்கப் பிள்ளைகள் புகார் செய்தார்கள். 1980-களில் பல மாநிலங்கள் இதற்கென்றே சட்டம் போட்டன. பேச்சுக்குத் தனித் தேர்வு வந்தது. 1986-இல் கட்டுரை சேர்ந்தது. ஆனால் டோஃபெல் எழுதும் ஒவ்வொருவரும் பேசியே தீர வேண்டும் என்றானது 2005-இல், இணையவழித் தேர்வில்தான். அதாவது 40 ஆண்டுகள் மாணவரின் குரலைக் கேட்காமலே அவர் ஆங்கிலத்துக்கு மார்க் போட்டார்கள்.

(சங்கக் கூட்டத்தில் பழைய செட்டும் புது செட்டும் மார்க்கை ஒப்பிட்டுச் சண்டை போடுவதால் ஒரு குறிப்பு: தாள் தேர்வில் 550, 1998-இல் வந்த கணினித் தேர்வில் 213, 2005-இன் இணையவழித் தேர்வில் 79 அல்லது 80, எல்லாம் ஏறக்குறைய ஒன்றே.)

பிரிட்டிஷ்காரர்கள் வேறு பாதையில் வந்தார்கள். 1980-இல் அவர்கள் வைத்த தேர்வில் மருத்துவம், தொழில்நுட்பம், சமூகவியல் என்று துறைக்கொரு தாள் இருந்தது. எதிரே உட்கார்ந்து பேச ஓர் ஆளும் இருந்தார். நல்ல எண்ணம்தான், நடத்துவதுதான் பெரும்பாடு. 1989-இல் ஆஸ்திரேலியர்களும் சேர்ந்து ஐயெல்ட்ஸ் ஆக்கினார்கள். 1995-இல் துறைத் தாள்களை விட்டுவிட்டு, உயர்கல்விக்கு ஒன்று, வேலைக்கும் குடியேற்றத்துக்கும் ஒன்று என்று சுருக்கினார்கள். ஒன்றுமுதல் ஒன்பதுவரை தரம். பாஸ், ஃபெயில் கிடையாது. எவ்வளவு வேண்டும் என்பதைக் கேட்கிற இடம்தான் முடிவு செய்கிறது. அந்தக் கோடும் நகரும். பிரிட்டனின் செவிலியர் மன்றம் நான்கு பகுதியிலும் 7 கேட்டுக்கொண்டிருந்தது. செவிலியர் பற்றாக்குறை நெருக்கவே, 2018 கடைசியில் எழுத்துக்கு மட்டும் 6.5 போதும் என்றது. முந்தின மாதம் 6.5 வாங்கி நின்றுபோன பெண்ணின் ஆங்கிலம் ஒரே ராத்திரியில் வளர்ந்துவிட்டதா என்ன?

2014-இல் லண்டனில் நடந்ததையும் நம் பிள்ளைகள் அறிய வேண்டும். விசாவுக்காக நடந்த டோயிக் தேர்வில் ஆள்மாறாட்டம் நடப்பதை பி.பி.சி. ஒளித்துவைத்த கேமராவில் பிடித்துக் காட்டியது. அரசு இ.டி.எஸ்.ஸைக் கேட்டது. குரல் பதிவுகளை ஆராய்ந்த அந்நிறுவனம், 2011 முதல் 2014 வரை பிரிட்டனில் நடந்த 58,000-க்கும் மேற்பட்ட டோயிக் தேர்வுகளில் 97 சதவீதம் சந்தேகத்துக்குரியவை என்றது. மோசடி நடந்தது உண்மை. ஆனால் நூற்றுக்குத் தொண்ணூற்றேழா? தெற்காசிய மாணவர்கள் பலர் படிப்பையும் கட்டிய பணத்தையும் இழந்தார்கள். "என் குரல்தான் அது" என்று நிரூபிக்க ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறி, பலர் வென்றார்கள். தேர்வாளர் முன்னால் சரளமாக ஆங்கிலம் பேசியவரையும் மோசடிக்காரர் என்ற பட்டியல் அது!

ஆகவே, எது ஈஸி என்று கேட்காதீர்கள். நீங்கள் போகும் கல்லூரி எந்தத் தேர்வை ஏற்கிறது, ஒவ்வொரு பகுதிக்கும் எவ்வளவு கேட்கிறது என்று அவர்களிடமே எழுதிக் கேளுங்கள். விசா அலுவலகத்தின் பட்டியல் வேறாக இருக்கலாம், அதையும் பாருங்கள். மதிப்பெண் இரண்டு ஆண்டுகளுக்கே செல்லும். முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டு, அட்மிஷன் வரும்போது காலாவதியாகி மறுபடி பணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும். எழுத்தை விடப் பேச்சுக்கே நம் பிள்ளைகளுக்கு அதிக நாள் பிடிக்கிறது. ஆறு மாதம் முன்பே இரண்டு பேர் சேர்ந்து, தினம் அரை மணி, தப்போ சரியோ, ஆங்கிலத்தில் பேசிப் பழகத் தொடங்குங்கள்.